அலெக்சாண்டரின் கைகளும் என் கொடுமுடிப் பயணமும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். எழுத்துக் கோணலாக வரும். முன்னால் நடந்தது பின்னால் வரும். ஊர்ப் பேர் மறந்துபோய் நடுவில் நிற்பேன். நம் குடியிருப்பு மலருக்கு, "எங்கயாச்சும் போயிட்டு வந்தத எழுதுங்கம்மா" என்று கேட்டபோது, எனக்கு எதுக்குங்க அதெல்லாம் என்றுதான் சொல்லிவிட்டேன். போய் வந்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதில் உங்கள் வீட்டு விஷயமும் கலந்திருக்கிறது. போகப் போகத் தெரியும்.

ஐப்பசி மாதம், புதன்கிழமை. காலை 5.40 மணிக்குப் பீளமேட்டில் வீட்டை விட்டுக் கிளம்பினேன்.

மருமகள் கேட்டைத் திறந்துவிட்டு நின்றாள். "தனியாப் போறீங்களே அத்தை. அவர லீவு போடச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாங் கண்ணு. சாமியப் பாத்துப்போட்டுப் பொழுதோட வந்தர்றேன்."

அது பாதிதான் உண்மை. என் மஞ்சள் பையில் தயிர்சோற்று டப்பாவுக்குக் கீழே, துண்டில் சுற்றி ஒரு கட்டுத் தர்ப்பைப் புல் இருந்தது. அது எதற்கு என்று சொல்ல வேண்டுமானால் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவரை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மில்லில் வேலை பார்த்தவர். நம் பக்கத்தில் யார் வீட்டில் எழவு என்றாலும், எடுப்பதற்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு வார்த்தை பேசுவார். முப்பது வருடமும் ஒரே பேச்சுதான்.

"ஏனுங்க, ஒரு நிமிசம். உலகத்தையே சுருட்டிக் கக்கத்துல வெச்ச ராசா அலெக்சாண்டர், சாகறப்பக் கடைசியா என்ன சொன்னாருன்னு தெரியுங்களா? என்ற பொணத்தப் பொட்டியில வெக்கறப்ப ரெண்டு கையையும் வெளிய தொங்க விட்டுப்போடுங்க, இத்தன நாட்டப் புடிச்சவனும் வெறுங்கையோடதான் போறான்னு சனம் பாக்கட்டும்னாரு. அவ்வளவுதானுங்க. தூக்குங்க."

அந்தத் 'தூக்குங்க'வுக்குத்தான் எல்லாரும் காத்திருப்பார்கள் என்று கேலி பேசுகிறவர்களும் உண்டு. அவருக்கும் அது தெரியும். ஆனால் கேட்டவர்கள் அழுதுகொண்டே தலையாட்டியதை நான் பார்த்திருக்கிறேன். சொத்துச் சண்டையில் பேசாமல் இருந்த அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் என்னிடம் சொல்லி வைத்திருந்தார். "எனக்கும் அப்படியே கையை வெளிய விடச் சொல்லிப்போடு. நீதான் சொல்லோணும். ஆம்பளைக நிக்கறாங்கன்னு கதவுக்குப் பின்னால நின்னுக்காத." நானும் சரி என்று தலையாட்டினேன். வாய் திறந்து சொல்லவில்லை. எனக்குப் பழக்கமே அதுதான், தலையாட்டுவது.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டது. பதினோரு நாள் கிடந்தார். பார்க்க வந்தவர்கள் வரிசையாகக் கட்டிலைக் கடந்து போனார்கள். கடைசி நாள் காலையில், வராத வலது கையைப் போட்டுவிட்டு, இடது கையைத் தூக்கி என் பக்கம் நீட்டினார். கையைப் பற்றிச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. இருக்கிறது என்று தலையாட்டினேன். கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு போர்வை மேல் விழுந்தது. மத்தியானம் உயிர் போய்விட்டது.

உடம்பை ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். மேலே கண்ணாடி மூடி. கையை எங்கே வெளியே விடுவது? அவருடைய பங்காளி ஒருவர் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்று "கை..." என்றேன்.

"கட்டியாச்சு அம்மணி, நீ உள்ள போ" என்றார்.

உள்ளே போய்விட்டேன். ஊரில் அத்தனை பேருக்கும் பேசினவருக்குப் பேச ஆளில்லை. 'தூக்குங்க' என்றுகூட யாரும் சொல்லவில்லை. அவர்களாகத் தூக்கினார்கள்.

இந்த ஒரு வருடம் நான் நிம்மதியாகச் சாப்பிட்டது கிடையாது. மகன் பேரூரில் வருஷத் திதி கொடுத்து முடித்துவிட்டான். எனக்குத்தான் முடியவில்லை. நம் பின் வரிசையில் ஒரு வீட்டில், வெளிநாட்டில் செத்த பிள்ளையின் உடம்பு வராதபோது தர்ப்பையில் உருவம் செய்து காரியம் செய்தார்களே, அது நினைவுக்கு வந்தது. அப்படி ஒரு உருவம் செய்யச் சொல்லி, இரண்டு கையையும் வெளியே நீட்டிவிட்டு, காவிரியில் விட்டால் அவர் கேட்டது நடந்துவிடும் என்று எண்ணினேன். அதற்குத்தான் கொடுமுடி.

ஒரே ஒரு சந்தேகம். கை வெளியே தொங்கியபோது உள்ளங்கை மேலே பார்த்ததா, கீழே பார்த்ததா? அவர் அதைச் சொன்னதே இல்லை. ஐயர் கேட்டால் என்ன சொல்வது?

காலை 6.10. பஸ் ஸ்டாப்பில் பதினைந்து நிமிடம் நின்றேன். புதுப் பாலம் வந்த பிறகு சில வண்டிகள் மேலேயே போய்விடுகின்றன. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதில் கழுத்து வலித்தது. கீழ் வழியாக வந்த ஈரோட்டு பஸ் ஒன்று நின்றது.

"ஏனுங்கம்மா, மேல என்ன ஏரோப்ளேன் பாக்கறீங்களா? ஏறுங்க, ஏறுங்க" என்றார் கண்டக்டர்.

டிக்கெட் எழுபத்தெட்டு ரூபாய். தூரம் தொண்ணூற்றைந்து கிலோமீட்டர் என்று அவரே சொன்னார். இத்தனை வயதில் நான் தனியாக எடுத்த முதல் வெளியூர் டிக்கெட் அது. ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். சின்னியம்பாளையம், கருமத்தம்பட்டி எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டன. ரோட்டோரம் எல்லாம் கம்பெனி ஷெட்டுகள், கல்யாண மண்டபங்கள், பர்னிச்சர் கடைகள். தென்னந்தோப்பு இருந்த இடத்தில் கார் விற்கிறார்கள்.

காலை 7.05. அவிநாசி. கோயில் இருக்கிற திசை பார்த்துக் கும்பிட்டேன். முதலை விழுங்கிய பிள்ளையைப் பல வருடம் கழித்து முதலை வாயிலிருந்தே வரவழைத்த ஊர். பக்கத்து சீட்டில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை. உட்கார்ந்ததும் மடியில் ஒரு கட்டுப் பேப்பரை வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் திருத்த ஆரம்பித்தாள். பஸ் குலுங்கியதில் டிக் எல்லாம் கோணலாகப் போனது. மேல் பேப்பரில் 'வரலாறு' என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

படித்ததும் என் சந்தேகம் ஞாபகம் வந்தது. கேட்கலாமா, வேண்டாமா. பெருமாநல்லூர் தாண்டுகிற வரைக்கும் கேள்வியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். செங்கப்பள்ளியில் பஸ் நின்றபோது வாயைத் திறந்தேன்.

"ஏனுங்க அம்மணி, நீங்க சரித்திரம் சொல்லிக் குடுக்கறீங்களா?"

"ஆமாங்கம்மா. ஈரோட்டுல காலேஜ். கண்ணாடி இல்லாமப் படிச்சுப்போட்டீங்களே!"

"அலெக்சாண்டர் ராசாவத் தெரியுங்களா?"

சிரித்தாள். "நேர்ல பழக்கமில்லீங்க. அவருகிட்ட என்ன வேணும்?"

"சாகறப்பக் கையை வெளிய தொங்க விடச் சொன்னாரல்லங்க. அப்ப உள்ளங்கை மேல பாத்தாப்புல இருந்துதுங்களா, கீழ பாத்தாப்புலங்களா?"

பேனா நின்றது. என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். "எதுக்குங்கம்மா கேக்கறீங்க?"

"ஒரு காரியத்துக்குங்க. செரியாச் செய்யோணும்."

"இல்லீங்கம்மா..." என்று இழுத்தாள். "அவரு அப்படி ஒண்ணும் சொல்லவே இல்லீங்க."

எனக்கு விளங்கவில்லை. வேறு அலெக்சாண்டரைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "உலகத்த ஜெயிச்சவருங்க" என்றேன்.

"அவரேதானுங்க. பழைய காலத்துல அவரப் பத்தி எழுதினவங்க யாரும் அந்தக் கைக் கதைய எழுதலீங்க. பின்னாடி யாரோ சொல்ல ஆரம்பிச்சது. இப்ப வாட்ஸப்புல சுத்தீட்டிருக்குது. எங்க காலேஜ் விழாவுலயே ஒருத்தர் மைக்கப் புடிச்சுச் சொன்னாரு. கைதட்டல் வேற."

பின் சீட்டில் இருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சர் இப்படிச் சொல்றீங்க? நானே என்ற அப்பன் எழவுல அதச் சொன்னனே!"

"சொன்னா என்னுங்க, நல்ல விசயந்தான. அவரு சொன்னாருன்னு மட்டும் சொல்லாதீங்க."

"அவரு சொல்லலீன்னா யாருங்க கேப்பாங்க? நான் சொன்னேன்னா கேப்பாங்களா?" என்று அவர் முணுமுணுத்துக்கொண்டு சாய்ந்தார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. பொய் இல்லை, நிஜமாகவே அடைத்தது. பஸ் ஓடுவது தெரிகிறது, சத்தம் இல்லை. முப்பது வருடம். எத்தனை வீடு. எத்தனை பேர் அழுதார்கள். அத்தனையும் நடக்காத ஒன்றைச் சொல்லியா? அப்படியென்றால் ஒரு வருடமாக நான் சோறு இறங்காமல் கிடந்தது எதற்கு? மடியில் இருந்த மஞ்சள் பையைப் பார்த்தேன். அதில் இருந்த புல் எனக்கே அசிங்கமாகத் தோன்றியது.

"என்ற ஊட்டுக்காரரு முப்பது வருசமாச் சொல்லீட்டிருந்தாருங்க" என்றேன். எனக்குக் கோபமும் வந்தது. "அப்ப அவிநாசியில முதல வாயிலிருந்து பிள்ள வந்துதே, அதும் இல்லைங்கறீங்களா?"

"ஐயோ, அது சாமி சமாச்சாரங்க. அங்க வந்தா நான் பேனாவ மூடி வெச்சுருவேன்" என்று என் கையைத் தொட்டாள். "உங்க ஊட்டுக்காரரு பொய் சொல்லலீங்கம்மா. எல்லாரும் சொல்றதச் சொன்னாரு. இப்ப எப்படி இருக்கறாரு?"

மடியில் இருந்த பையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. பேப்பர் கட்டை மடக்கிப் பையில் வைத்தாள்.

விஜயமங்கலம் வந்ததும் நானே கேட்டேன். "அப்ப கடைசியா என்னதாங்க சொன்னாரு?"

"பேச்சே இல்லீங்க. பாபிலோன்ங்கற ஊர்ல காய்ச்சல் வந்து பத்துப் பன்னண்டு நாள் கெடந்தாரு. கடைசியில பேச்சு நின்னுபோச்சு. ராஜ்யம் யாருக்குன்னு கேட்டதுக்கு, வலுத்தவனுக்குன்னு சொன்னதா ஒரு பேச்சு இருக்குது, அதுவும் உறுதியில்லீங்க. வயசு முப்பத்து மூணுகூட முடியல."

அது இன்னொரு இடி. நான் அலெக்சாண்டரை எப்போதும் நரைத்த தாடியோடுதான் நினைத்திருந்தேன். என் மகனைவிடச் சின்னவன்!

"படையாளுக எல்லாம் பாக்கோணும்னு அடம் புடிச்சு, ஒவ்வொருத்தரா வரிசையாக் கட்டிலத் தாண்டிப் போனாங்களாம். தலையத் தூக்கப் பாத்தாராம். கண்ணாலயே எல்லாரையும் பாத்தாராம். கையை நீட்டுனாருன்னும் எழுதியிருக்கறாங்க."

"கையா?"

"ஆமாங்க. பேச முடியலீல்லங்க."

"எதுக்குங்க நீட்டுனாரு?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இவ்வளவு சின்ன விஷயத்தைக் கேட்கிறாளே என்பது போல. "எதுக்குன்னா... புடிச்சுக்கத்தானுங்கம்மா. சாகப்போறவரு வேறெதுக்கு நீட்டுவாரு?"

அதற்குப் பிறகு பெருந்துறை வந்ததா என்று எனக்குத் தெரியாது. அங்கே பஸ் ஐந்து நிமிடம் நின்றதாம். டீ விற்க வந்தார்களாம். நான் பார்க்கவில்லை.

காலை 8.35. ஈரோடு பஸ் நிலையம். அந்த டீச்சர் என்னைக் கொடுமுடி பஸ் நிற்கும் இடத்துக்கே கூட்டிப்போய் ஏற்றிவிட்டாள். "நான் வேற எதையாச்சும் பேசியிருக்கலாம். மனசுல வெச்சுக்காதீங்கம்மா" என்றாள். நான் தலையாட்டினேன். அவள் போன பிறகுதான் பேரைக் கேட்கவில்லை என்று ஞாபகம் வந்தது.

கொடுமுடிக்கு நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்திரண்டு ரூபாய். சோலார் என்கிற ஊரைத் தாண்டினால் எல்லாமே மாறிவிடுகிறது. மஞ்சள் காடு, வாழை, கரும்பு, நடு நடுவே நெல். பாசூர், ஊஞ்சலூர் என்று வழியெல்லாம் ஒரு பக்கம் ரயில் தண்டவாளம் கூடவே வருகிறது. காளிங்கராயன் வாய்க்காலில் தண்ணீர் முட்ட முட்டப் போனது. நம் பக்கத்தில் குழாயில் வாரம் ஒரு நாள் பார்க்கிற தண்ணீரில் இங்கே எருமை குளித்துக்கொண்டிருக்கிறது. போகாதவர்கள் ஒரு முறை இந்த வழியில் ஜன்னலோரம் உட்கார்ந்து போக வேண்டும்.

நான் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தேன். என் கண்ணில் பச்சை தெரியவில்லை, அந்த இடது கை தெரிந்தது.

கட்டிலைச் சுற்றி அன்று நாலு ஆண்கள் நின்றார்கள். பங்காளிகள், மகனுடைய சினேகிதர் ஒருவர். ஆண்கள் நிற்கிற இடத்தில் புருஷன் கையைப் பிடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. நாற்பத்தாறு வருடத்தில் ரோட்டைத் தாண்டும்போதுகூடப் பிடித்தது இல்லை. அவர் முன்னால் போவார், நான் பின்னால் போவேன். அவர் கையை நீட்டினார். அலெக்சாண்டர் கதை என் தலையில் இருந்ததால், சொன்னதைச் செய் என்கிறார் என்று நினைத்துவிட்டேன். அந்தக் கதை மட்டும் என் தலையில் இல்லாமல் இருந்திருந்தால், அந்தக் கையைப் பார்க்கிற யாருக்கும் புரிந்திருக்கும். சின்னக் குழந்தைக்கும் புரியும். எனக்குப் புரியவில்லை. தலையாட்டினேன்.

கையைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் காத்திருந்தார்! வாய் வராத மனுஷன். அவருக்கு இருந்தது அந்த ஒரு கைதான்.

பஸ்ஸில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை.

காலை 9.50. கொடுமுடி. ஸ்டாப்பிலிருந்து கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். சிவன், பெருமாள், பிரம்மா மூன்று பேரும் ஒரே கோயிலில் இருக்கிறார்கள். பிரம்மா வன்னி மரத்தடியில் இருக்கிறார். மரம் எத்தனையோ ஆயிரம் வருடம் என்கிறார்கள். அடிமரம் பாறை மாதிரி இருந்தது. முள் இல்லாத வன்னி என்று அங்கே பூ விற்கிற பெண் சொன்னாள். தொட்டுப் பார்த்தேன், கைக்கு எட்டினவரை முள் இல்லை. பூவும் தேங்காயும் சேர்த்து அறுபது ரூபாய். செருப்பு வைக்க ஐந்து ரூபாய்.

கோயிலுக்குப் பக்கத்திலேயே படித்துறை. காவிரி அகலமாக, சத்தமே இல்லாமல் போனது. மேலே பார்த்தால் நிற்கிற மாதிரி இருக்கிறது. காலை வைத்தால்தான் இழுப்பது தெரிகிறது. பதினைந்து இருபது பேர் காரியம் செய்ய வந்திருந்தார்கள். மொட்டை போட்ட ஆண்கள் ஈர வேட்டியோடு நின்றார்கள்.

ஓர் ஐயர் அடுத்த ஆள் யார் என்று பார்த்து என்னைக் கூப்பிட்டார். ஐம்பது வயது இருக்கும். இடுப்பில் செல்போன் செருகியிருந்தார்.

"வாங்கம்மா. திதிங்களா? பையன் வரலீங்களா?"

நான் நின்றேன். திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. கேட்க வந்த காரியமே பொய்யாகிவிட்டதே.

"சொல்லுங்கம்மா. பின்னால ஆளுக நிக்கறாங்க."

பையிலிருந்து தர்ப்பையை எடுத்தேன். "இதுல ஒரு உருவம் பண்ணோணுங்க சாமி."

"யாருக்கு? உடம்பு கெடைக்கலீங்களா?"

"கெடச்சுதுங்க. எரிச்சாச்சுங்க. திதியும் குடுத்தாச்சுங்க."

"அப்புறம் எதுக்கும்மா? ஒரு மனுசன எத்தன தடவ அனுப்புவீங்க?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. பழைய நானாக இருந்தால் படியேறிப் போயிருப்பேன். கால் போகவில்லை. "மந்திரம் ஒண்ணும் வேண்டாங்க. உருவம் மட்டும் போதுங்க" என்றேன்.

அவர் என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, புல்லை வாங்கிக்கொண்டார். பழகின கை. மடக்கித் திருகித் தலை, உடம்பு, கால் என்று ஒரு சாண் உருவம் வந்துவிட்டது. இரண்டு கையையும் மடக்கி, நெஞ்சு மேல் வைத்து, ஒரு புல்லால் சேர்த்துக் கட்டப் போனார்.

"கையைக் கட்டாதீங்க!"

நான்தான் கத்தினேன். படித்துறையே திரும்பிப் பார்த்தது. அந்தச் சத்தம் எனக்குள் இருந்தது என்று எனக்கே அதுவரை தெரியாது.

ஐயர் கட்ட எடுத்த புல்லைக் கீழே போட்டார். கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார். "வெளிய விடணுங்களா? அலெக்சாண்டர் மாதிரி?"

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"பீளமேட்டுக்காரரு ஒருத்தர் உண்டும்மா. அஸ்தி கரைக்கறவங்களோட துணைக்கு வருவாரு. இந்தப் படியிலதான் நின்னு பேசுவாரு. உலகத்தையே சுருட்டிக் கக்கத்துல வெச்ச ராசான்னு ஆரம்பிப்பாரு. கேக்க நல்லா இருக்கும். இப்பெல்லாம் நானே அதத்தான் சொல்றது, அழுதுட்டே நிக்கறவங்களுக்கு. ஒரு வருசமா ஆளக் காணோம். தெரியுமா அவர?"

நான் அவர் கையில் இருந்த புல் உருவத்தைக் காட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதுவரை ஒரு கையில்தான் வைத்திருந்தார்.

"அப்ப அவரு சொன்னாப்புலயே கையை வெளிய நீட்டி விட்டுடலாம்மா" என்றார் மெதுவாக.

அப்படி அலெக்சாண்டர் சொல்லவே இல்லையாம் சாமி என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. "இடது கையை மட்டும் நீட்டி விடுங்க சாமி" என்றேன். "நான் புடிச்சுக்கறேன்."

அவர் காரணம் கேட்கவில்லை.

முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். உருவத்தைத் தண்ணீர் மேல் வைத்தார். அந்தப் புல் கை, துடைப்பக் குச்சி அளவுகூட இல்லை. இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன். சுற்றிலும் அத்தனை ஆண்கள், எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். பிடித்துக்கொண்டேதான் நின்றேன். தண்ணீர் இழுத்தது, விடவில்லை. மறுபடி இழுத்தது. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. ஐயர் செல்போன் அடித்து நின்றது, மறுபடி அடித்து நின்றது. புல் நனைந்து வழுக்க ஆரம்பித்த பிறகுதான் என் விரலை விட்டுப் போனது. கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு பூவும் இலையும் போகிற இடத்தில் கலந்துவிட்டது.

தட்சிணை நூறு ரூபாய் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் 12.15. கோயில் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்து தயிர்சோறு சாப்பிட்டேன். ஊறுகாய் எடுத்து வர மறந்துவிட்டேன். இருந்தாலும் டப்பா காலியாகிவிட்டது. 1.10க்கு ஈரோட்டு பஸ், அங்கிருந்து 2.45க்குக் கோவை பஸ். வீடு வந்து சேர மணி ஐந்தரை. வழியில் ஒன்றும் பார்க்கவில்லை, அவிநாசி வரை தூங்கிவிட்டேன்.

கொடுமுடியில் செத்தவர்களை வெயிலில், தண்ணீரில், நாலு பேர் தொட்டு அனுப்புகிறார்கள். நம் பக்கத்தில் ஐஸ் பெட்டிக் கண்ணாடிக்கு மேலேயே கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம். கண்ணாடி போடுவதற்கு முன்னால் தொடுகிறவர்கள் தொட்டுவிடுங்கள். வெட்கப்பட வேண்டாம். இதைச் சொல்ல எனக்குப் படிப்பில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

மருமகள், "நல்ல தரிசனங்களா அத்தை?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டப் போனவள், நிறுத்திக்கொண்டு, நடந்ததை எல்லாம் வாயால் சொன்னேன். மகனும் கேட்டான். இருட்டுகிற வரை மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

இதைப் படிக்கிற படித்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்ல வேண்டும். பஸ் நேரம், டிக்கெட் எல்லாம் ஞாபகத்தில் எழுதியது, மாறியிருக்கலாம். முக்கியமாக அலெக்சாண்டர் விஷயம். அவர் உண்மையிலேயே கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா? கடைசியில் பேச்சு இல்லாமல் கையை நீட்டினாரா? அந்த டீச்சர் சொன்னதுதான் சரி என்றால், உங்கள் வீட்டு எழவில் என் வீட்டுக்காரர் சொன்னது தப்பு. அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவர் கேள்விப்பட்டதைத்தான் சொன்னார், உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னார். கொடுமுடி ஐயரிடமும் யாராவது பக்குவமாகச் சொல்ல வேண்டியிருக்கும். டீச்சர் சொன்னதுதான் தப்பு என்றாலும் சரி, அதையும் வந்து சொல்லுங்கள். எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். கேட்டில் நின்று கூப்பிட்டால் போதும், யார் வந்தாலும் நானே வெளியே வருகிறேன். கதவுக்குப் பின்னால் நிற்க மாட்டேன்.